பயத்துக்கு மார்க் போடுகிற வேலை

பயந்தவர்களை இன்னும் கொஞ்சம் பயமுறுத்தி அனுப்புவதுதான் எங்கள் தொழில். அதற்கு மாதாமாதம் சம்பளமும் தருகிறார்கள்.

மைசூரில் மனப்பதற்றத்துக்கு மருந்தில்லாத சிகிச்சை பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. எதைக் கண்டால் நடுக்கமோ அதன் பக்கத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவோம். முதலில் தூரத்தில், அப்புறம் கிட்டத்தில். ஓடாமல் நின்றால் பயம் தானாக இறங்கிவிடும் என்பது ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் மேடத்தின் கட்சி. ஏறுகிறதா இறங்குகிறதா என்று நூற்றுக்கு மார்க் கேட்டு எழுதுவது என் வேலை. தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பயம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: ஒன்றேகால் வயது மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவள் எதையாவது விழுங்கியிருப்பாளோ என்று நாள் முழுக்கப் போன் பண்ணிக்கொண்டிருக்கிற ஜென்மம் நான்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது, தூங்குகிற குழந்தையின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்திருந்தால், நமக்குள் அறிமுகம் தேவையில்லை. யாழினி இப்போது தூங்குகிறாள். பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

கடைசி விலை

என்னிடம் வந்த முதல் ஆள் கொள்ளேகால் பட்டு வியாபாரி. லிஃப்ட் என்றால் ஆகாது. மகனோ மைசூரில் ஐந்தாவது மாடியில் வீடு வாங்கிவிட்டான். படியேற முழங்கால் இடம் கொடுக்காததால், வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தே பேரனைக் கொஞ்சிவிட்டுப் பஸ் ஏறிக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு முன்னாலேயே நிறுத்தி, “ஐயா, இப்போ பயம் நூத்துக்கு எவ்வளவு?” என்றேன்.

“நீங்க எவ்வளவு எதிர்பார்க்கறீங்க அம்மிணி?”

“எதிர்பார்ப்பெல்லாம் இல்லீங்க. மனசுல தோணறதைச் சொல்லுங்க.”

“எண்பதுன்னு வெச்சுக்குங்க.” எழுதப் போனேன். பதறித் தடுத்தார். “எடுத்தவொடனே எழுதிட்டா எப்படிங்க? நீங்க ஒண்ணு சொல்லோணும், நான் ஒண்ணு சொல்லோணும்.”

அவர் அறுபதுக்கு இறங்கினார். நெற்றி வியர்வையைப் பார்த்து நான் எழுபத்தைந்தை விடவில்லை. பேர மும்முரத்தில் எப்போது உள்ளே போனோம், எப்போது கதவு மூடியது என்று இரண்டு பேருமே கவனிக்கவில்லை. ஐந்தாவது மாடியில் கதவு திறந்தபோது அவர் சொன்னார்: “சரி, உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், அறுபத்தஞ்சுல முடிச்சுக்கலாம்.”

நின்றபடி வாங்கிய உத்தரவு

ஒவ்வோர் ஆளையும் அனுப்பியதும் நான் போனோடு வராந்தாவுக்கு ஓடுவதை மேடம் கவனித்துவிட்டார். ஒருநாள் அறைக்குக் கூப்பிட்டார். கான்வென்ட் வளர்ப்பு, நாற்காலியைக் காட்டியும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். “போன் பண்ணினா கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதியைத் தின்னுதான் பயம் கொழுக்குது. இதை நாமளே நாள் முழுக்க எல்லாருக்கும் சொல்றோம்,” என்றார். மாதக் கடைசியில் வேலையை நீட்டிக்க வேண்டும். அதற்குள் ஒரு முழு நாள், போன் பண்ணாமல் இருந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேறு ஆள்.

எனக்கு இந்த வேலை வேண்டும். வீட்டிலேயே இருந்தால் குழந்தையின் மூச்சை எண்ணுவது தவிர வேறெதுவும் செய்யமாட்டேன் என்று எனக்கே தெரியும். தலையாட்டிவிட்டு, மெதுவாக, “மெசேஜ் அனுப்பலாமா மேடம்?” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “தண்ணியடிக்கறதை விட்டுட்டேன், கள்ளு குடிக்கலாமான்னு கேக்கற மாதிரி இருக்கு.”

பல்லி விவரம்

அடுத்தவர் ஒரு கணக்கு டீச்சர். பல்லி இருக்கும் சுவருக்குப் பக்கத்தில் அவரைக் கால்மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் பல்லிக்குப் பஞ்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து ஒன்றுகூட இல்லை. அட்டெண்டர் துடைப்பக்கட்டையால் பீரோவைத் தட்டுகிறார், நான் செல்போன் விளக்கோடு மேஜைக்கடியில் தவழ்கிறேன். நடு அறையில், காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த டீச்சருக்குப் பொறுக்கவில்லை.

“டியூப்லைட் பட்டைக்குப் பின்னாடி ஒண்ணு. பச்சை பீரோவுக்கு அடியில ஒண்ணு, வால் அறுந்தது. உங்க தலைக்கு மேல வெண்டிலேட்டர்ல இருக்கறது குட்டி.” நான் மேஜைக்கடியிலிருந்து தாவி வெளியே வந்தேன். “தினமும் இங்கதானே உட்கார்ந்து சாப்பிடறீங்க? ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லையா?” என்றார்.

டீச்சர் அன்றைக்குக் கால்மணி நேரம் நின்றார், மார்க்கும் இறங்கியது. இறங்கிய மார்க்கெல்லாம் எனக்கு ஏறிவிட்டது. காப்பகம் நடத்துகிற சரோஜா ஆன்ட்டிக்குப் போன் போட்டு, அங்கே எத்தனை பல்லி இருக்கிறது என்று கேட்டேன். எப்போதும்போல அலுத்துக்கொள்ளாமல் சொன்னார்: “லைன்லயே இருங்க யாழினி அம்மா, எண்ணிட்டு வந்துடறேன்.”

வளையல் கடையில் வெங்காயம்

கூச்ச சுபாவத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. கடையில் போய் அசட்டுத்தனமாக எதையாவது கேட்க வேண்டும். நாலு பேர் சிரிக்க வேண்டும். சிரித்தாலும் உயிர் போகாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தும் மீட்டிங்கில் வாய் திறக்காத ஓர் இளைஞரைத் தேவராஜ மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். வளையல் கடையில் நின்று, பத்து நிமிஷம் எச்சில் விழுங்கிவிட்டுக் கேட்டார்: “அண்ணா, ஈருள்ளி இதெயா?” கன்னடத்தில் ஈருள்ளி என்றால் வெங்காயம்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. “எத்தனை கிலோ?” என்றார். எங்கள் திருதிரு முழியைப் பார்த்து, நாங்கள் எங்களுக்குள் பேசிய தமிழையும் கேட்டுத் தானும் தமிழுக்கு மாறிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இளைஞரின் மணிக்கட்டைப் பிடித்து வெங்காய வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தானே ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பொறுக்கி, விலை பேசி, பையில் போட்டுக் கொடுத்தார். எங்கள் படிவத்தில் ‘எதிர்பார்த்தது: அவமானம்’ என்று இருந்தது. அதற்கு நேரே ‘நடந்தது: இரண்டு கிலோ வெங்காயம்’ என்று எழுத வேண்டியதாயிற்று.

இந்த ஊரில் ஒரு மனிதன் அவமானப்படக்கூட வழியில்லை. சந்தடிசாக்கில் நான் பூக்கூடைகளுக்குப் பின்னால் போய்க் காப்பகத்துக்கு ஒரு போன் பண்ணிவிட்டு வந்தேன். திரும்பியபோது கடைக்காரர் இளைஞரின் தோளில் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: “நாளைக்குத் தக்காளி வேணும்னாலும் நேரா எங்கிட்டயே வா தம்பி, இதுக்கெல்லாம் கூச்சப்படக் கூடாது.”

அந்தப் புதன்கிழமை

மாதக் கடைசி நெருங்கியதும், ஒரு புதன்கிழமை காலையில் போனை மேடத்தின் கையில் கொடுத்துவிட்டேன். பதினோரு மணிக்கு யாழினி பொத்தானை விழுங்கினாள். ஒரு மணிக்குச் சோற்றில் புரையேறியது. மூன்று மணிக்குக் காப்பகத்துக் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் நடந்தாள். எல்லாம் என் மண்டைக்குள்தான். வராந்தா வரை போவதும் திரும்புவதுமாக இருந்தேன். என் மார்க் தொண்ணூற்றைந்து, எழுதத்தான் ஆளில்லை. நாலரைக்குப் பார்த்தால், யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமாகப் பயப்படாமல் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஐந்து மணிக்கு மேடம் போனைக் கொடுத்து, நீட்டிப்புத் தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆட்டோ பிடித்துக் காப்பகத்துக்குப் போனேன். வாசல் வரைக்கும் கேட்கிற கூச்சல் இல்லை. கதவைத் தள்ளினால், பாயில் வரிசையாக ஏழு பிள்ளைகளும் தூக்கம். சுவரில் சாய்ந்தபடி சரோஜா ஆன்ட்டியும் தூக்கம். மூன்று மணிப் பால் காய்ச்சப்படாமல் அடுப்பில் அப்படியே இருந்தது. ஆன்ட்டியை எழுப்பிக் கேட்டபிறகுதான் விஷயம் தெரிந்தது. என் பதினோரு மணிப் போன் வந்தால் கஞ்சி, ஒரு மணிப் போன் வந்தால் சோறு, மூன்று மணிப் போன் வந்தால் எல்லோரையும் எழுப்பிப் பால். அன்றைக்குக் கஞ்சியே கிடையாதாம். பிள்ளைகள் பசித்து அழுதபிறகுதான் சோறாம். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை, பயப்பட மறந்தது நடந்தேவிட்டது. யாழினி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், சிரித்தாள், மறுபக்கம் புரண்டு படுத்துக்கொண்டாள். ஆன்ட்டி கொண்டையை முடிந்துகொண்டே என்னைக் கோபித்துக்கொண்டார்: “இப்படி முன்கூட்டிச் சொல்லாம லீவு போடாதீங்க யாழினி அம்மா, இத்தனை பிள்ளைங்களை யார் எழுப்பறது?”

பயத்தை விட்டொழிப்பதில் எனக்கு இப்போது ஆட்சேபணை எதுவும் இல்லை, ஆனால் அதை நம்பி ஏழு பிள்ளைகள் பால் குடிக்கிறார்கள், அவர்களுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் விட வேண்டும்.