ஒரு கைச் சில்லும் எங்கள் அண்ணனின் மூச்சும்

எங்கள் அண்ணனை ஆண்டவர் தம்மிடம் அழைத்துக்கொண்டு ஓர் ஆண்டு ஆகிறது. இன்றும் கோம்பையில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்தால், அந்த இருமல் சத்தம் கேட்கிறதா என்று என் காது தானாகத் தேடுகிறது. அதிகம் படிக்காதவள் நான். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் ஜெயமங்கலத்தில் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோம்பைக்கு வந்து விறகுக் கடையில் கோடாலி பிடித்தார்கள். எனக்குக் கல்யாணம் முடித்து வைத்த பிறகுதான் தமக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார்கள். அப்படி வந்தவர்கள்தான் எங்கள் மதினி.

தேனிப் பக்கம் ஒரு மில்லில் நிலக்கரியை நிறுத்தி, பாய்லரில் மரச்சில்லு எரிக்கத் தொடங்கினார்கள். அப்போது அண்ணன் மரத்தைச் சில்லாக்கும் பழைய மிஷின் ஒன்றை வாங்கினார்கள். காய்ப்பு நின்ற மாமரம், கண்மாய்க் கருவேலம், குமுளி எஸ்டேட்டில் கழித்த கிளை என்று அலைந்து வாங்கி, சில்லாக்கிக் களத்தில் காயப்போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை நாள், மிஷின் ஓடாது.

ஈரச் சில்லு பாய்லரில் புகையும், நீராவி ஏறாது. மில்லில் லோடைத் திருப்பி விடுவார்கள். அன்று லோடுமேன்களுக்குக் கூலி இல்லை. அதனால் ஏற்றுவதற்கு முன் அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு, குவியலுக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடிச்சில்லை ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பார்கள். புளிச்ச வாடை அடித்தால் மறுபடி வெயிலுக்குத்தான். லோடுமேன் மாயாண்டி, "அண்ணன் மூக்குக்குத் தனிக்கூலி குடுக்கணும்டா" என்று மற்றவர்களிடம் கேலி பேசுவார். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்கள்.

அந்தப் பழக்கமே அண்ணனின் மூச்சைத் தின்றுவிட்டது. மழைக்காலத்தில் தார்ப்பாய் மூடிக் கிடந்த குவியல் உள்ளுக்குள் சூடேறி வெள்ளையாய்ப் பூஞ்சாணம் பிடித்திருக்கும். கையை விட்டால் புகைபோலத் தூசி கிளம்பும். அதை வருடக்கணக்கில் உள்ளே இழுத்திருக்கிறார்கள். மதுரையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரல் கெட்டுப்போச்சு, இனிக் களத்துப் பக்கமே போகக் கூடாது என்றார்.

அண்ணன் சரி என்று தலையாட்டினார்கள். வீடு வந்ததும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போனார்கள். துண்டு கட்டினால் வாடை தெரியாதே, அவிழ்த்துவிட்டுத்தான் மோந்தார்கள். மதினி அழுது பார்த்தார்கள். நானும் போய்ச் சண்டை போட்டேன்.

"ஏண்ணே, வேற ஆளு பாத்துவிட்டா பாய்லர் எரியாதாக்கும்?"

"எரியும் ஆத்தா. ஈரத்த ஏத்திவிட்டு லோடு திரும்பிருச்சுன்னா, இந்த லோடுமேனுக வீட்டுல ஒல எப்பிடி வைப்பாக?"

அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. நான் தண்ணீர் எடுக்க ஓடினேன்.

கடைசி மாதங்களில் கட்டிலில் சாய்ந்தபடியே ஜெபமாலை சொன்னார்கள். மாயாண்டி வாசலில் வந்து நின்றால், "கையில ஒடிச்சுப் பாருடா. நீ மோந்துராத" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார்கள்.

அண்ணனை ராப்பகலாகப் பார்த்துக்கொண்ட ஆஸ்பத்திரி சிஸ்டர்களுக்கும், கடைசி நேரத்தில் எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குச் சாமியாருக்கும், இறுதி வரை விசாரித்த மில்காரர்களுக்கும், ஜெபித்த ஊராருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

லோடுமேன்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடக்கத்தன்று நல்ல மழை. குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "ஈரமாக் கெடக்கே. அவுக நெஞ்சுக்கு ஈரம் ஆகாதே" என்றார்கள். சாமியார் ஜெபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். லோடுமேன்கள் ஓடிப்போய்க் களத்துக் கொட்டகையிலிருந்து சில்லு மூட்டைகளைத் தார்ப்பாய் போர்த்தித் தூக்கி வந்தார்கள். மாயாண்டி மூட்டைக்குள் முழங்கை வரை கைவிட்டு, அடியிலிருந்து ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார்.

"காஞ்சிருக்குண்ணே" என்று பெட்டியைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் குழிக்குள் பரப்பினார்.

அதன்மேல்தான் எங்கள் அண்ணன் உறங்குகிறார்கள். ஆண்டவரே, அங்கேயாவது அவர்களுக்கு மூச்சு முட்டாமல் பார்த்துக்கொள்ளும்.

கண்ணீருடன்,
தங்கை