மணக்குடி நண்டின் ரத்தம்

நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணக்குடிக் காயலின் வாயைக் கோடையில் மணல் அடைத்துவிடும். கடல்நீர் ஏறாது, உள்ளே தண்ணீர் கெட்டு, காற்றுக் குறைந்து நாறும். மீன் செத்து மிதக்கும்போதும் நண்டு சேற்றில் உயிரோடு கிடக்கும். அது எப்படி என்பதுதான் என் ஆய்வு. நண்டின் ரத்தம் நீல நிறம். அதில் மூச்சுக்காற்றைச் சுமக்கும் புரதம் ஒரே வார்ப்பு அல்ல, பலவகைத் துண்டுகள் சேர்ந்தது. தண்ணீரில் காற்றுக் குறைந்தால், சில வாரங்களில் துண்டுகளின் கலவையை மாற்றி, இருக்கிற கொஞ்சம் காற்றையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு நண்டில் இதைக் கண்டிருக்கிறார்கள். நம் காயல் நண்டு என்ன செய்கிறது என்று பார்க்க, நாகர்கோவிலில் எங்கள் கல்லூரியில் இரண்டு தொட்டி வைத்தேன். ஒன்றில் காற்று மோட்டார் ஓடும். மற்றதில் நிறுத்தியிருந்தேன்.

ஈஸ்டர் லீவுக்கு என் ஊரான அருமனைக்குப் போனபோது, தீனி மட்டும் போடும்படி என் வழிகாட்டியான பேராசிரியரிடம் சொன்னேன். அவர் வீடு கல்லூரிக்கு அடுத்த தெருதான்.

திரும்பி வந்தால் இரண்டு தொட்டியிலும் குமிழி கொப்பளிக்கிறது.

"சார், இத யாரு போட்டது?"

"நாந்தான் மக்ளே. பாவம்லா, மூச்சு முட்டி மேல மேல வந்துது. பாத்துட்டு நிக்க முடியல்ல. நீ போன அன்னைக்கே போட்டுட்டேன்."

மோட்டாரை நிறுத்துவது என்ற திட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டதே அவர்தான். ஈஸ்டருக்குத் தன் வீட்டில் வைத்த நண்டுக் கறியின் ருசியைச் சற்றுமுன்தான் என்னிடம் சொல்லி முடித்திருந்தார். அந்த மனுஷருக்குத்தான் என் நண்டைப் பார்த்து மனசு இளகியிருக்கிறது! வாரக்கணக்கான வேலை பாழ். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய நாளுக்குள் முதலிலிருந்து தொடங்க எனக்கு நேரமும் இல்லை.

"அதுக்கு ஏன் மொகத்த தூக்குக? மோட்டார் ஓடல்லேண்ணே எழுதிரு. நம்பர கொஞ்சம் சரிபண்ணிப் போட்டா போதும். நண்டே ரத்தத்த மாத்திக்கிட்டு பொழைக்குது. நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணப்பிடாதா?"



"தண்ணி கெட்டுப்போனதுனாலதான் சார் நண்டு மாறுது. தண்ணி நல்லாத்தான் இருக்குண்ணு அது பொய் சொல்லல்ல."

அவர் எழுந்து போனார். ஆய்வேட்டில் மோட்டார் ஓடியது என்றே எழுதினேன். அவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருடம் என் கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கும்போது நான் மறுபடியும் நண்டு பிடிக்கப் போனேன். நண்டுக்கு வந்த இரக்கம் அவருக்கு என்மேல் வரவில்லை.