வாரேன், போறேன்: இரண்டு கட்டளைகள்

ஒரே வேலையை இரண்டாவது முறை செய்யச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். மூன்றாவது முறையும் சொன்னால் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுவேன். அம்மா இதைச் சோம்பேறித்தனம் என்பார். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய சுறுசுறுப்பு கிடையாது.

கோயமுத்தூரில் எங்கள் ஆபீஸ் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. முதலாளியைச் சேர்த்து நான்கே பேர். விசைத்தறியில் மாட்டுகிற ஒரு சின்னப் பெட்டிக்கு நாங்கள் நிரல் எழுதுகிறோம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் போதும், பெட்டி அந்த நொடியே தறியை நிறுத்திவிட்டு, எந்தத் தறி என்று உரிமையாளரின் போனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. எழுதுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

எழுதுகிறவர்கள் மூன்று பேர். நான் உடுமலைப்பேட்டைக்காரி. இன்னொருவர் சென்னையிலிருந்து வந்தவர். மூன்றாமவர் எங்களுக்கு மூத்தவர், அதனால் அக்கா. சென்னிமலையில் பிறந்து, கல்யாணமாகிச் சிங்காநல்லூருக்கு வந்தவர். குழந்தைக்காக வேலையை விட்டவர், பல வருஷம் கழித்து எங்கள் ஆபீஸில் ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்தார். மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது. அதன் பிறகு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது முதலாளியின் முடிவு.

"இத்தன வருசம் ஊட்டுல இருந்துபோட்டு இனி என்னத்தக் கிழிக்கப் போறேன்னு கேக்கறாங்க அம்மணி," என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் டப்பாவில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவருக்குக் கொடுத்திருந்த வேலைதான் இருப்பதிலேயே கடினமானது. ஓடுகிற தறி எப்போதும் அதிர்ந்துகொண்டே இருக்கும். எது வெறும் அதிர்வு, எது உண்மையிலேயே நூல் அறுந்தது என்று பெட்டிக்குப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இனி என் ஸ்கிரிப்டுக்கு வருகிறேன். நாங்கள் மூவரும் அவரவர் கணினியில் எழுதுவோம். எழுதியதெல்லாம் கடைசியில் சர்வரில் இருக்கும் பொதுக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காலையில் வந்ததும் மற்றவர்கள் செய்த மாற்றங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்வது அப்டேட். மாலையில் நம் மாற்றங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது செக்-இன். இதை ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்ச் செய்ய வேண்டும். யாராவது ஒருவர் ஒரு ஃபோல்டரை மறப்பார், மறுநாள் காலையில் மூவருக்கும் வேலை கெடும். நான் மறக்கும்போது மட்டும் அதை யாரும் சொல்லிக்காட்டக் கூடாது என்று எதிர்பார்ப்பேன்.

ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எழுதிவிட்டேன். செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவைத்து, அந்தக் கோப்பின் பெயரை மட்டும் அடித்தால் கணினி மேலிருந்து கீழாக அத்தனையையும் செய்து முடிக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் என்பது அவ்வளவுதான். என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஃபோல்டராக நுழைந்தது. புதிதாக முளைத்த கோப்புகளைத் தானே கண்டுபிடித்துச் சேர்த்தது. இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி கேட்டு வாங்கிக்கொண்டது. நிரல் பிழையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் களஞ்சியத்துக்கு அனுப்பியது. முதல் தடவை தடங்கலே இல்லாமல் ஓடி முடித்தபோது நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து கைதட்டினேன். கீழே ரீவைண்டிங் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப் பார்த்தார். அவரையும் விடவில்லை, உட்காரவைத்து இன்னொரு முறை ஓட்டிக் காட்டினேன். "நல்லாருக்குங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன். ஊர்ப் பெயர்தான் வைப்பது என்று ஒரே பிடிவாதம். காலையில் வந்ததும் 'வாரேன்' என்று அடித்தால் அப்டேட். கிளம்பும்போது 'போறேன்' என்று அடித்தால் செக்-இன். முதலாவது வேலையை முடித்ததும் திரையில் 'வாங்க' என்று காட்டும், இரண்டாவது 'சரிங்க' என்று காட்டும். கணினிக்குக்கூட மரியாதை சொல்லிக் கொடுத்தாயிற்று என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அக்கா அன்றைக்கு ஒரு வளைகாப்புக்குச் சென்னிமலை போயிருந்தார். போனில் சொன்னேன். "வந்தா ஒண்ணு, கெளம்புனா ஒண்ணு. ரெண்டே வார்த்தைதானுங்கக்கா. பாத்தாலே தெரிஞ்சுரும்."

"செரி அம்மணி, பாத்துக்கறேன்," என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அக்கா வேலை செய்த வேகத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். டீ ஆறி ஏடு கட்டிக் கிடக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. ஒரு மத்தியானம் "வந்துருச்சு அம்மணி, வந்துருச்சு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பெட்டி அதிர்வையும் அறுப்பையும் சரியாகப் பிரித்துவிட்டதாம். எனக்கும் தலைகால் புரியவில்லை. இரண்டு பேரும் கீழே இறங்கிப் போய் ஆளுக்கொரு தேங்காய் பன் சாப்பிட்டோம்.

பெட்டியைச் சூலூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் ஓட்டிக் காட்ட நாள் குறித்திருந்தார்கள். முதலாளியும் நானும் காரில் கிளம்பினோம். அக்காவையும் அழைத்துப் போகலாம் என்றேன். வேண்டாம் என்றார். ஒண்டிப்புதூர் தாண்டியதும் ஏன் என்று தானே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தப் புள்ள ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி. நேத்துச் சாயந்தரம்கூடச் சர்வர்ல இருந்து எடுத்துப் பெட்டில போட்டுப் பாத்தேன். ஒரு மாசத்துக்கு முன்னால எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்குது. தறி ஆடுனாலே நின்னுபோகுது. ஒண்ணாந்தேதியில இருந்து வேண்டாம்னு சொல்லிரலாம்னு இருக்கறேன். நீங்க எதுவும் சொல்லீராதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பக்கத்துல உக்காந்து நான் பாத்துட்டு இருக்கறனுங்க சார். நீங்க அக்காகிட்டயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்களா?"

"ஒரு பொம்பளப் புள்ளைய மூஞ்சிக்கு நேரா எப்படிங்க கேக்கறது? மனசு கஷ்டப்படாதுங்களா?"

இதுதான் எங்கள் முதலாளி. வேலையை விட்டு நிறுத்தத் தயார், ஆனால் மனசு நோகும்படி ஒரு கேள்வி கேட்கமாட்டார்.

தறிக்கூடத்தின் உரிமையாளர் ஒரு அம்மா. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஓடுகிற தறிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தார். அந்த இரைச்சலில் பேசுவதென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். பெட்டியைத் தறியில் மாட்டினோம். மூச்சு விடுவதற்குள் தறி நின்றது. நூல் எதுவும் அறுந்திருக்கவில்லை. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் நின்றது.

"ஏனுங்க தம்பி," என்று அந்த அம்மா முதலாளியின் காதில் கத்தினார். "தறிய நிறுத்தறதுக்கு எனக்கு எதுக்குங்க பெட்டி? கரண்டுக்காரங்களே நல்லா நிறுத்தறாங்களே!"

தறிக்காரர்கள் சிரித்தார்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சொன்னது சரியாப் போச்சுங்களா என்று கேட்கிற பார்வை. நான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். ஒரு தென்னை மரத்தடியில் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குக் கூப்பிட்டேன்.

"அக்கா, நீங்க எழுதுனது களஞ்சியத்துலயே இல்லீங்க! நேத்துக் கெளம்பறப்ப ஸ்கிரிப்ட் போட்டீங்களா இல்லீங்களா?"

"தெனமும் போட்டுப்போட்டுத்தான அம்மணி போறேன். நேத்துங்கூட வாரேன்னு அடிச்சேன். அதுவும் வாங்கன்னு சொல்லுச்சே."

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வாரேனுங்க என்பார். வீட்டில் இருக்கிறவர் வாங்க என்பார். எங்கள் ஊரில் இப்படித்தானே விடைபெறுகிறோம்! அக்கா ஒவ்வொரு மாலையும் என் ஸ்கிரிப்டிடம் முறைப்படி சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். ஸ்கிரிப்டும் ஒவ்வொரு மாலையும் அவருக்கு முறைப்படி பதில் சொல்லியிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை. செக்-இன் மட்டும் நடக்கவே இல்லை.

"அக்கா, வாரேன்னா வந்ததும் அடிக்கறதுங்க! கெளம்பறப்ப போறேன்னு அடிக்கோணும்!"

"கெளம்பறப்பவா?" அக்காவின் குரலில் பதற்றத்தையும் மீறி ஒரு கண்டிப்பு வந்தது. "வெளக்கு வெக்கற நேரத்துல போறேன்னு எந்த வாயில அம்மணி சொல்லுவாங்க? அதப் பாத்தேன். எல்லாத்தையும் அழிச்சுப்போடற கட்டளையாட்ட இருக்குதுன்னு தொடவே இல்ல."

தென்னை மரத்தடியில் நின்று நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். உடுமலையில் பிறந்து வளர்ந்தவள், ஒரு வீட்டு வாசலிலும் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கியதில்லை. கணினிக்கென்ன சகுனம் என்று வைத்துவிட்டேன். சென்னைக்காரர் கேள்வியே கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தார். இப்போது எங்கள் ஆபீஸில் ஒரே கட்டளைதான். முதலில் அப்டேட் செய்யும், அனுப்ப வேண்டிய மாற்றம் இருந்தால் செக்-இன்னும் செய்துவிடும். வருகிறோமா போகிறோமா என்று அது யாரையும் கேட்பதில்லை.

ஆனால் அன்றைக்குத் தென்னை மரத்தடியில் சிரித்து முடிப்பதற்குள் இன்னொன்று உறைத்தது. இத்தனை நாள் செக்-இன் ஆகாத வேலை. இதற்குள் நானும் சென்னைக்காரரும் அதே கோப்புகளில் எதையெதையோ மாற்றியிருந்தோம். இப்போது சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கும், பிரித்தெடுக்கவே ஒரு நாள் போய்விடும் என்று பயந்தேன். உள்ளே அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடிங்கக்கா. போறேன்னே அடிங்க. ஒண்ணும் ஆகாது."

"முருகா," என்று ஒரு குரல். பிறகு விசைப்பலகையில் அடிக்கும் சத்தம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஏதோ ஓடுது அம்மணி... இன்னைக்கு என்ன பண்ணுனீங்கன்னு கேக்குது."

"எதாச்சு எழுதுங்க!"

"நூல் அறுப்பு முடிஞ்சுதுன்னு போட்டுட்டேன்... இன்னும் ஓடுது... நின்னுபோச்சு."

"என்ன சொல்லுதுங்க?"

"சரிங்கன்னு சொல்லுது."

ஒரு மோதல்கூட இல்லை! முதலில் என்னால் நம்ப முடியவில்லை. யோசித்துப் பார்த்ததும் புரிந்தது. அக்கா காலையில் பழைய வழக்கப்படி கையாலேயே அப்டேட் செய்திருக்கிறார். மாலையில் 'வாரேன்' அடித்து இன்னொரு முறை செய்திருக்கிறார். நாங்கள் மாற்றிய ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் அவரிடம் போய்ச் சேர்ந்து, அவர் எழுதியதோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் மூவரில் முழுமையான நிரல் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு வந்த சந்தோஷத்தில் தென்னை மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறை.

உள்ளே ஓடினேன். களஞ்சியத்திலிருந்து மடிக்கணினியில் புதிதாக எடுத்து, பெட்டியில் ஏற்றி, தறியை ஓட்டச் சொன்னேன். ஓடியது. அதிர்ந்தது, குலுங்கியது, ஆனால் நிற்கவில்லை. முதலாளி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த அம்மா கிட்டே வந்தார். பாவிலிருந்து ஒரே ஒரு நூலை விரலால் தூக்கி, வெடுக்கென்று அறுத்தார். தறி நின்றது. அவர் இடுப்பில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். நூலை முடிச்சுப் போட்டு ஓட்டினார். வேறொரு மூலையில் இன்னொரு நூலை அறுத்தார். தறி நின்றது.

"யாருங்க இதப் பண்ணுனது?" என்று கத்தினார்.

முதலாளி என்னைக் கைகாட்டப் போனார். நான் அவர் காதில் கத்தினேன். "அக்காங்க சார்! அக்கா தினமும் கெளம்பறப்ப வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கறாங்க!" பாதிதான் கேட்டிருக்கும். அந்தப் பாதியே அவர் முகத்தை மாற்றியது. என் கையிலிருந்த போனை வாங்கினார். அக்கா இன்னும் இணைப்பில்தான் இருந்தார். முதலாளி இரைந்து பேசினார். "கேக்கலீங்க, கேக்கலீங்க," என்று மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அதைப் பார்த்த அந்த அம்மா விடுவிடுவென்று சுவரோரம் போய், கூடத்தின் மெயினை அணைத்தார். அத்தனை தறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஓடுகிற தறியை ஒரு நிமிஷம் நிறுத்தவே மனசு வராதவர்கள் இவர்கள். நான் வாய் பிளந்து நின்றேன். முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, இத நீங்களேதான் எழுதுனீங்களா?"

இந்தப் பக்கம் இத்தனை பேர் நிற்பது அக்காவுக்குத் தெரியாது. "பின்ன யாருங்க எழுதுவாங்க?" என்றார். குரலில் அழுகையும் கோபமும் சேர்ந்திருந்தன. "இத்தன நாளா கழுத்து ஒடிய உக்காந்து எழுதியிருக்கறனுங்க. ஒவ்வொரு வரியும் நான் எழுதுனது. நல்லாத்தான் ஓடும். வேணும்னா இன்னொருக்கா அறுத்துப் பாருங்க!"

கூடமே சிரித்தது. யாரோ கைதட்டினார்கள். முதலாளிக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

"அறுத்துப் பாத்தாச்சுங்க," என்றார். "ஒண்ணாந்தேதிக்கு அப்பறமும் நீங்க நம்மகூடத்தான் இருக்கோணுங்க. இனி ஒப்பந்தம் கிப்பந்தம் ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த அம்மா ஒரு கையை மெயினில் வைத்தபடி காத்திருந்தார். தறிக்காரர்கள் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை.

"சரிங்க சார்," என்று அக்கா சொன்னார். அந்த அம்மா மெயினைப் போட்டார்.