நான் போட்ட சாய்தளம்

போன மாதம் நான் ஒரு சாய்தளம் போட்டேன். போட்டேன் என்றால்... தச்சரிடம் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் குடித்தேன்.

எங்கள் வாசகர் வட்டம் கூடுவது ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டில். கடைக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை தெருமட்டம்தான். உள்ளே ஏறத்தான் இரண்டு உயரமான படிகள். சிறுகதை எழுதும் தேவி அக்கா தம் முதல் புத்தகத்தைப் பற்றிப் பேச வருவதாக இருந்தது. கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை அதிகாரி. சக்கர நாற்காலியில் இயங்குபவர். விடுவேனா? பலகையில் சாய்தளம் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் ஏற்றினேன். ஏகப்பட்ட கைதட்டல்கள்.

அன்று அக்கா பாலம் தாண்டி, தானே காரோட்டி வந்தார். நாற்காலிக்கு மாறினார். பலகையைப் பார்த்தார்.

"தம்பி, இது ரேம்ப்பா, சறுக்குமரமா?"

"நாலு பேர் இருக்கோம்க்கா. தூக்கிடலாம் லா."

"தூக்குறதுக்கு நான் என்ன அரிசி மூட்டையா? கை நழுவினா அடி எனக்குத்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஊருக்கெல்லாம் படம் காட்டிய நான், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா?

"வெளியவே பேசுறேன். நீங்க உக்கார நாற்காலிங்கள எடுத்துட்டு வாங்க," என்றார். முதல் புத்தகம்... பாதிப் பேச்சை மோட்டார் சைக்கிள்கள் விழுங்கின. அவர் முகம் மாறவில்லை. நான் தரையைப் பார்த்தபடி கேட்டேன்.

முடிந்ததும் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்துக் கொடுத்துப் படியை அளக்கச் சொன்னார்.

"ஒரு இஞ்ச் உயரத்துக்கு ஒரு அடி நீளம் வேணும், தம்பி."

அந்தக் கணக்கில் என் பலகை நடுத்தெருவில் போய் நிற்கும். சட்டென்று ஞாபகம் வந்தது – பின்சந்துக் கதவுக்கு ஒரே ஒரு தாழ்வான படி. பெருமையாகச் சொன்னேன்: "பின்னாடி வழியா வரலாம்க்கா."

"குப்பைத்தொட்டியெல்லாம் தாண்டி... நான் மட்டுமா?"

அந்த 'மட்டுமா' வீடு வரை கூடவே வந்தது.

இப்போது குப்பைத்தொட்டிகள் இடம் மாறிவிட்டன. பின்கதவுக்கு, அக்கா சொன்ன அளவில் சிமெண்ட் சாய்தளம். கூட்ட நாள்களில் எல்லோருக்கும் அதுதான் வாசல், முன்கதவுக்குப் பூட்டு.

அந்த வாசல் வழியாக முதல் கூட்டம் போன வாரம் நடந்தது. அக்கா யார் கையும் படாமல் உருட்டிக்கொண்டு உள்ளே போனாராம்.

'போனாராம்' என்று ஏன் சொல்கிறேன்? நான் பார்க்கவில்லை. பழக்க தோஷத்தில் முன்வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன்.