தைல டப்பாவில் ரயில் பூச்சி

பிள்ளைகளா, உங்கள் பெரியக்காவின் கையை முகர்ந்து பார்த்து நான் நடுங்கிப்போன நாள் ஒன்று உண்டு. நீங்கள் யாரும் அப்போது பிறக்கவில்லை.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு மரவாடியில் எனக்கு வேலை. மேற்கு மலைக் காட்டிலிருந்து கூட்ஸ் வண்டியில் மரம் பட்டையோடு வரும். உரிக்கிற பெண்களுக்கே அந்தப் பட்டை சொந்தம் என்பது வாடி வழக்கம். உங்கள் அம்மாவும் உரித்தாள். எங்கள் அடுப்பு அதில்தான் எரிந்தது.

பட்டைக்கு அடியில் பூச்சி இருக்கும். மழைக்காலத்தில் நம் சுவரில் ஊர்கிற ரயில் பூச்சிக்குச் சொந்தம்தான். ஆனால் நம்மூர்ப் பூச்சி உருண்டை, காட்டுப் பூச்சி தட்டை. மை மாதிரிக் கறுத்த முதுகில், வளையத்துக்கு வளையம் இரண்டு ஓரத்திலும் பொட்டு. சிலதுக்கு மஞ்சள், சிலதுக்குச் சிவப்பு. மஞ்சள் சாது, சிவப்பு விஷம் என்று வாடியில் சொல்லிக்கொள்வோம். மஞ்சளைக் கையாலேயே தள்ளிவிடுவோம். சிவப்பைக் கண்டால் குச்சி தேடுவோம்.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அம்மா தெருக்குழாயடியில் நின்றிருந்தாள். மூன்று வயது அக்கா பட்டைக் குவியலுக்கு அருகில் உட்கார்ந்து ஒரு தைல டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"நைனா, ரயிலு!"

உள்ளே ஏழெட்டுப் பூச்சிகள். அவற்றோடு அவள் காலையில் பிடித்த வெட்டுக்கிளி செத்துக் கிடந்தது. கடிபட்ட தடம் இல்லை, ஒரு கால்கூட ஒடியவில்லை. டப்பாவிலிருந்து யானைக்கவுனி மிட்டாய்க்கடையின் பாதாம் வாசனை அடித்தது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் மஞ்சள் கறை. முகர்ந்தால் அதே வாசனை.

"எந்தக் கலரும்மா தொட்டே?"

மஞ்சள் பொட்டுப் பூச்சியைக் காட்டினாள். பாதி மூச்சு வந்தது. வெட்டுக்கிளியைப் பார்த்ததும் அதுவும் நின்றது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "ஐயையோ, பூரான்பா! ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு!" என்று கத்தினாள்.

ஆஸ்பத்திரிக்கு வாடியைத் தாண்டித்தான் போக வேண்டும். எழும்பூர் மியூசியத்தைத்தான் நம்மவர்கள் செத்த காலேஜ் என்பார்கள். அங்கிருந்து ஒருவர் மரம் இறங்கும் நாளில் வாடிக்கு வந்து பூச்சி பொறுக்குவார். அன்றைக்கும் வந்திருந்தார்.

"வாடில செத்த காலேஜ்காரரு கீறாரு. இது இன்னா பூச்சின்னு கேட்டுக்கினு போறேன்."

"பைத்தியம் புச்சிகிச்சாபா உனுக்கு? உசுரோட கீற புள்ளைய செத்த காலேஜ்காரன்கிட்ட காட்டப் போறியா?"

ஒரு கையில் டப்பா, தோளில் பிள்ளை, ஓடினேன். வெயிலில் அவள் தலை என் தோளில் சாய்ந்தது. தூக்கமா, மயக்கமா? "தூங்காதே கண்ணு, தூங்காதே" என்று அவளை உலுக்கிக்கொண்டே ஓடினேன்.

வாடியில் செத்த காலேஜ்காரர் டப்பாவிலிருந்த ஒரு பூச்சியைக் குச்சியால் புரட்டினார். "பூரான் இல்லப்பா. வளையத்துக்கு ஒரு ஜோடி கால்னா பூரான். இதுக்கு ரெண்டு ஜோடி. இது கடிக்காது."

"மஞ்சளைத்தான் தொட்டா ஐயா, சிவப்பைத் தொடலே."

"இந்த மஞ்சளும் அந்தச் சிவப்பும் ஒரே இனந்தான். நிறத்தை நம்பக்கூடாது. ஆண் பூச்சிக்கு ஏழாவது வளையத்துல கால் இருக்கிற இடத்துல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்கும். அதோட வடிவத்தைப் பார்த்துத்தான் இனம் பிரிப்போம். பார் இங்கே, ரெண்டும் மஞ்சள். கூடப் பிறந்த மாதிரி இருக்கு. கொக்கி வேற, அதனால இனமும் வேற. இந்த ஒரு குடும்பத்துலயே இன்னும் பேர் வைக்காதது எத்தனையோ காட்டுல கிடக்கு."

"அப்போ விஷம் எந்தப் பூச்சிக்கு ஐயா?"

"எல்லாத்துக்குமே. அமுக்கினா விலாவுல விஷம் கசியும், இந்தப் பாதாம் வாசனை அதோடதுதான். மூடின டப்பாவுல அந்த ஆவி நிறைஞ்சு வெட்டுக்கிளி செத்திருக்கு. கையில பட்டதைக் கழுவிடலாம். கண்ணுல, வாயில படலையே?"

வாய்! அதை நான் கேட்கவே இல்லை. மூன்று வயதுப் பிள்ளை எதை வாயில் வைக்காமல் விடும்? அவரே கேட்டார்.

"பாப்பா, ரயிலை வாயில வெச்சியா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆமென்று தலையை ஆட்டினாள். நான் கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"கசப்பு. த்தூ!" என்று தரையில் துப்பிக் காட்டினாள்.

அவர் அவளுடைய நாக்கைப் பார்த்தார். வாயையும் கையையும் கழுவிவிட்டார். "துப்பினது நல்லதாப் போச்சு. என்னைத் தின்னாதேன்னு பறவைக்குச் சொல்றதுக்குத்தான் இதுங்களுக்கு இவ்வளவு பளிச்சுன்னு நிறம். எதுக்கும் ஆஸ்பத்திரியில காட்டிடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் விளக்கு ஏற்றும் வரை உட்கார வைத்தார்கள். அவள் மூச்சு விடுகிறாளா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்த்தபடி இருந்தேன். கடைசியில் அவள் எரிச்சலாகி என் விரலைக் கடித்தாள். அப்புறம்தான் எனக்குப் பசி தெரிந்தது.

அதற்குப் பிறகு பட்டையை வெளியே தட்டி, வெயிலில் காயவைக்காமல் வீட்டுக்குள் விட்டதில்லை. கல்யாண வீட்டில் பாதாம் வாசனை வந்தால் நான் உங்கள் கைகளைப் பிடித்து முகர்கிறேன் என்று சிரிக்கிறீர்களே, அது இதனால்தான்.