பழம் கசியாது

அந்த எலுமிச்சம்பழத்தை எங்கள் கிணற்றுக்குள் கொண்டுவந்தது தண்ணீரா, என் தாய்மாமாவா? முப்பது வயதைத் தாண்டிவிட்டேன், ஒரு பெண்ணுக்குத் தாயாகியும் விட்டேன். இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாமா அப்போது சேலத்தில் ஒரு கல்லூரியில் சிவில் என்ஜினீயரிங் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வெள்ளம் எந்த வழியாக, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் தார்ச்சாலை. சாலைக்கு அந்தப் பக்கம், ஏரி நிரம்பி வழிந்தால் ஓடும் ஓடை. அந்த ஐப்பசியில் ஏரி நிரம்பியது என்று கேள்விப்பட்டதும் மாமா ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு வந்து இறங்கினார்.

தக்கையை விட்டால் காற்று தள்ளிவிடும். பழம் பெரும்பாலும் முங்கியே மிதப்பதால் தண்ணீரின் வேகத்தில் போகும் என்று எனக்கு விளக்கினார். கலங்கல் நீரில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று ஒவ்வொரு பழத்திலும் சிவப்பு பெயிண்ட் வைத்தார். மேலே அவர் பழத்தை விடுவார். கீழே தரைப்பாலத்தில் நிற்கும் நான், பழம் வந்ததும் கையைத் தூக்க வேண்டும். எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குக் கிடைத்ததில்லை.

எத்தனையோ பொருள் இருக்க, சிவப்பு வைத்த எலுமிச்சம்பழத்தை ஓடுகிற தண்ணீரில் விடலாம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த ஒருவருக்கு எப்படித்தான் தோன்றியதோ! பாலத்துக்குக் கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அலறிக்கொண்டு கரையேறினார்கள்.

“ஆரு ஊட்டுக் கழிப்போ! தொடாத சாமி, தாண்டாத!”

“கழிப்பு இல்லீங்கக்கா, ஆராய்ச்சிங்க!” என்று மாமா ஓடிவந்தார்.

“ஆராய்ச்சின்னா உங்க ஊட்டுத் தொட்டியில பண்ணு, அப்புனு” என்று ஒரு அம்மாள் பிழிந்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

சிரித்துக்கொண்டேதான் வீடு திரும்பினோம். ஒரு பழம் மட்டும் பாலத்துக்கு வந்து சேரவில்லை. புதரில் சிக்கியிருக்கும் என்றார் மாமா.

மறுநாள் காலை அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்தினாள். அப்போது அவள் நிறைமாதம். வாளியில் சிவப்பு வைத்த பழம் மிதந்தது. அம்மா கத்தவில்லை. வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஓடைக்கும் கிணற்றுக்கும் நடுவில் சாலை, பிறகு எங்கள் வீடு, அதில் அம்மா படுக்கும் அறை.

அப்பா போர்வெல் வண்டி வைத்திருந்தார். மழை என்பதால் வேலையில்லாமல் ஊரில் இருந்தார். “வெளையாட்டுக்கு ஒரு அளவு இல்லியா மாப்ளே?” என்று பாய்ந்தார்.

“நான் போடலீங்க மச்சான்” என்ற மாமா, நேராக அம்மாவின் அறைக்குப் போய்த் தரையில் காதை வைத்துப் படுத்தார். வெகுநேரம் எழவில்லை. நானும் பக்கத்தில் படுத்துக் கேட்டேன். தரைக்குக் கீழே யாரோ ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது. நிற்காமல், வாசல் பக்கத்திலிருந்து கிணற்றுப் பக்கமாக. தலையைத் தூக்கினால் ஒன்றுமில்லை. மறுபடி காதை வைத்தால் போய்க்கொண்டே இருந்தது.

“தண்ணி கசியுமுங்க மச்சான். பழம் கசியாது. பழம் வர்ற அளவுக்கு அடியில வழி உழுந்திருக்குது. ரோட்ட ஒசத்துனப்ப பழைய ஓடைய மூடியிருப்பாங்க. அக்காளக் கூட்டிட்டு மொதல்ல வெளிய வாங்க.”

“பூமிக்கடியில என்ன இருக்குதுன்னு எனக்கே சொல்றியா?” என்றார் அப்பா. ஊரூராகப் பூமியைத் துளைத்தவர், குனிந்து காதை வைத்துப் பார்க்கவில்லை.

மாமா அம்மாவிடம் போய், முந்தின நாள் அந்தப் பெண்கள் பேசிய அதே குரலில், “செவப்பு வச்ச பழம், மாசமா இருக்கறவ கையில வந்திருக்குது. இந்த ஊட்டுல இனி ஒரு பொழுது இருக்கக் கூடாதுக்கா” என்றார். அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா மறுபேச்சில்லாமல் கார் பிடிக்கப் போனார். இருட்டுவதற்குள் எல்லோரும் அயோத்தியாப்பட்டணத்தில், அம்மாவின் பிறந்த வீட்டில் இருந்தோம்.

வழியெல்லாம் நான் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. படித்தவரும் பயந்தால் பிறகு யாரை நம்புவது? அன்று பிடித்த பயம் நான் பட்டம் வாங்கியும் போகவில்லை. பேருந்து நிலையத்தில் நசுங்கிக் கிடக்கும் பழத்தைச் சுற்றிக்கொண்டுதான் இன்றும் நடக்கிறேன்.

அந்த மழையில் அம்மாவின் கட்டில் இருந்த இடம் உள்வாங்கியது. கட்டில் குழிக்குள் சாய்ந்து கிடந்தது. தங்கை அயோத்தியாப்பட்டணத்தில் நல்லபடியாகப் பிறந்தாள். அப்பா குழியில் கல்லும் கான்கிரீட்டும் கொட்டி, கிணற்றையும் மூடி, மேலே டைல்ஸ் ஒட்டினார். ஆராய்ச்சிக்காரரே சூனியம் என்று ஒப்புக்கொண்டதால், அந்த ஓடையில் மாமாவை அதற்குப் பிறகு யாரும் இறங்க விடவில்லை. தன் ஆராய்ச்சியையே விட்டுக்கொடுத்துத்தான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. “சத்தத்த முன்னாடியே கேட்டுட்டு, நம்மள நம்ப வெக்க அவனேதான் பழத்தப் போட்டிருப்பான்” என்று அப்பா இன்றும் சொல்கிறார். மாமாவிடம் கேட்டால், “பழம் எப்படி வந்தா என்ன சாமி, உங்கம்மா வெளிய வந்தாளா இல்லியா?” என்கிறார்.

கணவருக்கு ராசிபுரத்தில் வேலை. பக்கம் என்பதால் போன தையிலிருந்து எங்கள் அந்தப் பழைய வீட்டில்தான் குடியிருக்கிறோம். அந்த அறையை மகளுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போன என்ஜினீயர் பயமில்லை என்கிறார். அடியில் அந்த வழி இன்னும் இருக்கும் என்று நான் சொன்னால் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். ஒருவேளை எனக்குத்தான் மனம் சரியில்லையோ என்றும் யோசிக்கிறேன். யாரோ குறி சொன்னார்கள் என்று ஒரு பொய் சொன்னால் போதும், என் மாமியார் நாளைக்கே வீட்டைக் காலி செய்யவைப்பார். ஆனால் அதைக் கேட்டு வளரப்போகிறவள் என் மகள்.

பயமுறுத்தாமல், பொய் சொல்லாமல், இப்படி ஒரு வீட்டிலிருந்து குடும்பத்தை வெளியே கூட்டி வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், வீட்டில் என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மழைக்கு முன்னால் எழுதினால் நல்லது.