ஒரு சொட்டுகூடக் கொடுக்கவில்லை

தம்பியைக் கொண்டுபோனது பேதி என்றுதான் எங்கள் பிளாக்கில் எல்லோரும் சொன்னார்கள். அப்படி இல்லை என்பது முதலில் அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரிந்தது. அறுபதுகளின் தொடக்கம் அது. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை இன்னும் போயிருக்கவில்லை. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஒன்றரை.

அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ஜில்லா. திருநெல்வேலி அம்மாள் வைத்த குழம்பைச் சேலத்து அம்மாள் வாயில் வைக்க மாட்டாள். தம்பிக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கச் சொன்னாள், ஒருத்தி மாதுளம் பிஞ்சு என்றாள், இருவருக்கும் அங்கேயே வாக்குவாதம். பிள்ளைக்குத் தண்ணீர் மட்டும் காட்டக் கூடாது என்பதில் மட்டும் அத்தனை ஜில்லாவும் ஒரே பேச்சு. உள்ளே ஊற்றினால்தானே வெளியே போகும்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தின் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

அம்மா பக்கத்திலேயே முத்தாண்டிக்குப்பத்துப் பெண். அவள் ஊரிலும் இதே வழக்கம்தான் என்பதால் விரதம்போல் பிடித்துக்கொண்டாள். தம்பி "ன்னி, ன்னி" என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தான். நான் சமையலறையில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டு, நடக்கத் தெம்பில்லாமல் தவழ்ந்து வந்தான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, என்னை வெளியே போய்க் குடிக்கச் சொன்னாள். அன்று முழுக்க அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் அவன் அழுதபோது கண்ணில் நீர் வரவில்லை. அழுகை குறைந்ததும், குணமாகிறது என்று நினைத்தோம்.

அப்பாவுக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர் பிள்ளையின் குழிவிழுந்த கண்ணைப் பார்த்ததும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

நர்ஸம்மா பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"தண்ணி குடுத்தீங்களா?"

"ஒரு சொட்டுகூடக் குடுக்கலீங்க" என்றாள் அம்மா. "கேட்டுக்கினேதான் இருந்தான். மனசக் கல்லாக்கிக்கினு இருந்தேங்க."

சொன்னபடி செய்த பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். அவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார். சலைன் ஏற்ற நரம்பு தேடினார்கள். கையில் கிடைக்கவில்லை, தலையில் கிடைக்கவில்லை. டாக்டர் கணுக்காலில் கீறிக் கண்டுபிடிப்பதற்குள் தம்பி போய்விட்டான்.

வராந்தாவில் நர்ஸம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார்; பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. போன நீரையும் உப்பையும் வாய் வழியாகவே திரும்பக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும், உடம்பில் நீர் வற்றிக் காய்ந்துதான் பிள்ளை போயிற்று என்றார். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். கோடையில் மைன்ஸில் அவருக்கே உப்பு மாத்திரை கொடுப்பார்கள். வியர்த்து வியர்த்துக் கால் இழுத்து விழுந்த ஆளை உப்புப் போட்ட மோர் கொடுத்து எழுப்பியதை எங்களுக்குக் கதையாகச் சொன்னவர் அவர். அது வெயிலில் வேலை செய்கிறவனுக்கான வைத்தியம் என்றே அவர் நினைத்திருந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிடாத" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொல்லி அழுதாள். ஒரு சொட்டுகூடக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டும் சாமி எடுத்துக்கொண்டதே என்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் அதுதான்.

அந்தக் கோடை முடியுமுன்பே பின்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கும் வயிற்றால் போக ஆரம்பித்தது. சேதி கேட்டதும் அம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. தண்ணி கிண்ணி குடுத்துடப் போறா. போய்ச் சொல்லிட்டு வரேன்."

அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். முதலில் வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. பிறகு அவள் கையைப் பிடித்து உட்காரவைத்து, நர்ஸம்மா சொன்னதையெல்லாம் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தார்.

அம்மா அழவில்லை. ஏதோ கணக்குச் சரிபார்ப்பவளைப் போல மெதுவாகக் கேட்டாள்.

"அப்பன்னா, புள்ள கேட்டது சரிதானா?"

அப்பா ஆமென்று தலையை ஆட்டினார்.

அவள் எழுந்து சோறு வடித்த கஞ்சியில் உப்பைப் போட்டுக் கலக்கினாள். நாக்கில் விட்டுப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போனவள், அந்தக் குழந்தை போதும் போதுமென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வரை கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.